கையெழுத்துப் போட வேண்டியவள் யார்?

சிசேரியனுக்கு நாள் குறிக்கிறார்கள். ஜோசியரைக் கேட்டாயிற்று, ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி, நட்சத்திரம் பார்த்து, காலை 9 மணிக்கு மேல் 10-30க்குள் குழந்தை பிறந்தால் ராஜயோகம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டாரைக் கேட்டாயிற்று. டில்லியிலிருக்கும் பெரியப்பாவையும் போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாயிற்று. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அந்த வேளை சௌகரியப்படுமா என்றும் விசாரித்தாயிற்று. கேட்கப்படாமல் பாக்கி நிற்பவள் ஒரே ஒருத்திதான். அவள் உள்ளே கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வாயைத் திறந்தால், "உனக்கு ஏனம்மா இந்தக் கவலையெல்லாம்? பெரியவர்கள் நாங்கள் இல்லையா?" என்பார்கள்.

இதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம், நேயர்களே; ஜாஸ்தி இல்லை. சென்னையிலோ, மதுரையிலோ, கோயமுத்தூரிலோ ஏதாவது ஒரு நர்சிங் ஹோம் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் ஒரு பாரத்தை நீட்டுகிறாள். கணவன் சட்டைப் பையில் பேனாவைத் துழாவுகிறான். அவனிடம் இல்லாவிட்டால் மாமனார் கொடுக்கிறார். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் தவிர அந்தக் காகிதத்தில் வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை. பல இடங்களில் அது இங்கிலீஷில் இருக்கிறது. எந்தப் பாஷையில் இருந்தால்தான் என்ன, படிக்கப் போவதில்லையே!

அந்தக் கையெழுத்து உண்மையில் யாருடையதாக இருக்க வேண்டும்? நம்முடைய சுப்ரீம் கோர்ட் இதைப் பற்றி 2008-ஆம் வருஷம் ஜனவரியில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. சமீரா கோலி என்ற பெண்மணியின் வழக்கு அது. விஷயம் பிரசவம் அல்ல. ஆனால் பிரசவத்துக்கு அப்படியே பொருந்தும். 1995-ல் டில்லியில், மாத விலக்குத் தொல்லைக்காக ஒரு டாக்டரிடம் போனார். வயது 44, மணமாகாதவர். மயக்க மருந்து கொடுத்து, கருவியை உள்ளே செலுத்திப் பரிசோதனை நடந்தது. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு போனார். கண் விழித்தபோது அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தன.

தாயார் நல்லெண்ணத்தோடுதான் தலையாட்டியிருப்பார். ஆனாலும், அந்தச் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். நோயாளி வயது வந்தவர். உடனே செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலையும் இல்லை. மயக்கம் தெளிந்த பிறகு அவரையே கேட்டிருக்கலாம். டாக்டர் 25,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி ஆயிற்று. தொகை சின்னதுதான். தீர்ப்பு சின்னதல்ல. என்ன சிகிச்சை, எதற்காக, அதற்குப் பதில் வேறு என்ன வழி, அதில் முக்கியமான ஆபத்து என்ன, வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் - இத்தனையும் நோயாளிக்கு விளங்கும்படி சொல்லி, அவர் இஷ்டப்பட்டுக் கொடுப்பதுதான் சம்மதம் என்று அது வரையறுத்துவிட்டது. வெறும் கையெழுத்து சம்மதம் ஆகாது. தாயார் கையெழுத்தே செல்லாது என்றால் மாமனார் பேனாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

நமது ராஜ்யத்தில் இந்த விஷயத்துக்குத் தனி அவசரம் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, 99.6 சதவீதம். இது லேசான சாதனை அல்ல. வீட்டுத் திண்ணையறையில் மருத்துவச்சியை நம்பிப் பிரசவித்து, ரத்தப் போக்கில் உயிரை விட்ட பெண்கள் நம் பாட்டி தலைமுறையில் எத்தனை பேர்! ஆஸ்பத்திரி வாசலுக்குப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வாசலுக்கு உள்ளே நடப்பது வேறு கதை. அதே கணக்கெடுப்பில், 100 பிரசவங்களுக்குச் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 64. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதற்கும் சராசரி 21 அல்லது 22 தான். ஒரு ஜனத்தொகையில் சிசேரியன் 100-க்கு 10-ஐத் தாண்டிப் போவதால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொல்லியிருக்கிறது.

உடனே டாக்டர்கள்மேல் பாய்ந்துவிடக் கூடாது. பணத்தாசை ஒரு காரணம் என்றால், அது ஒன்றே காரணமல்ல. வயது கடந்து முதல் பிரசவம், சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, ஏற்கெனவே ஒரு சிசேரியன் என்று எத்தனையோ உண்டு. எட்டு மணி நேரம் வலியில் கூட இருந்து பார்க்க ஆள் போதாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக் கண்ணாடி நொறுங்குகிறது. போதாததற்கு, நல்ல வேளை பார்த்துக்கொண்டு நாமே போய் நிற்கிறோம்!

அந்த நல்ல வேளையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஜோசியர் அதைச் சொல்வதில்லை. 39 வாரம் முடிவதற்கு முன்னால், அவசியமில்லாமல் வயிற்றைத் திறந்து எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே நாள் குறிக்கும் வீடுகளில் பஞ்சாங்கத்தைப் பிரிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அன்றைக்கு எத்தனை வாரம் பூர்த்தியாகியிருக்கும்?" என்பதுதான்.

சிசேரியனே கூடாது, சுகப் பிரசவம்தான் உத்தமம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் அவளைக் கேட்காமல் தீர்மானிப்பதுதானே? இதற்கு எதிர்த் திசையில் ஒரு கதை, ஸ்காட்லாந்து தேசத்தில் நடந்தது. நாடின் மாண்ட்கோமரி என்ற பெண்மணி இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. உயரம் ஐந்தடியை ஒட்டித்தான். சர்க்கரை நோயாளிகளின் குழந்தை பெரிதாக வளரும். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளக்கூடும். அவரைப் போன்ற தாய்மாருக்கு அந்த அபாயம் 100-க்கு 9 அல்லது 10. குழந்தை பெரிதாக இருக்கிறதே என்று அவர் தம் கவலையைச் சொல்லியும் டாக்டர் இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் ஆபரேஷன் கேட்பார்கள் என்பது டாக்டரின் எண்ணம். 1999-ல் பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொண்டது. குழந்தை முழுவதும் வெளியே வர 12 நிமிஷம் ஆயிற்று. மூளைக்குப் பிராணவாயு போகாமல், அந்தப் பையனுக்கு ஆயுள் பூராவும் தீராத பாதிப்பு. 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் ஏழு நீதிபதிகளோடு உட்கார்ந்து, அந்தத் தாயின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று டாக்டர் தமக்குள் முடிவு செய்துகொள்வது சரியல்ல. அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் எதை முக்கியமென்று நினைப்பாளோ அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம்.

அங்கே, ஆபரேஷன் என்ற வழி இருப்பதை மறைத்தார்கள். இங்கே, காத்திருக்கலாம் என்ற வழி இருப்பதைச் சொல்வதில்லை.

சரி, நம் வீட்டுப் பெண்ணுக்கு வருவோம். நம்மிடையே ஓர் அழகான வழக்கம் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, ஐந்து வகைச் சித்திரான்னம் சாப்பிட்டுவிட்டுப் பெண் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். தலைப் பிரசவம் அம்மா வீட்டில். மனசுக்கு இதைவிட இதமான ஏற்பாடு கிடையாது. ஆனால் வைத்தியத்துக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்றாம் மாதம் முதல் அவளைப் பார்த்த டாக்டரம்மா சென்னையில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போகிற டாக்டரம்மாவோ கும்பகோணத்தில், இவள் முகத்தையே பார்த்ததில்லை. பரிச்சயமில்லாத இடத்தில், எட்டாம் மாதத்தில், பெண்ணுக்குக் கேள்வி எப்படிக் கிளம்பும்? போதாக்குறைக்குத் தலைப் பிரசவச் செலவு பிறந்த வீட்டுடையது. "அப்பாவுக்கு ஏற்கெனவே எவ்வளவோ செலவு, இதில் நான் வேறு அது வேண்டும் இது வேண்டாம் என்பதா?" என்று வாயை மூடிக்கொள்கிறாள். புகுந்த வீட்டில் புதிது என்று பேசவில்லை. பிறந்த வீட்டில் பாரம் என்று பேசவில்லை. பின்னே எங்கேதான் பேசுவாள்?

ஆகையால் வளைகாப்புக்கு மாமன் மச்சானுக்கெல்லாம் பத்திரிகை வைக்கும்போதே தாய்வீட்டு ஊரில் டாக்டரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. ஸ்கேன் காகிதங்கள், ரத்தப் பரிசோதனை, ரத்தக் குரூப், ரத்த அழுத்தம் எழுதிய அட்டை, சர்க்காரில் பதிவு செய்த கர்ப்பிணி எண் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பட்டுப் புடவைப் பெட்டியில் அல்ல, கைப்பையில் எடுத்துப் போகட்டும். அங்கே கேட்பதை எல்லாம் வலி இல்லாத நாளில் கேட்டுவிட வேண்டும். வலி கண்ட பிறகு யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. பதிலும் காதில் விழாது.

என்ன கேட்பது? பெரிய வைத்திய சாஸ்திரம் ஒன்றும் வேண்டாம். டாக்டர் எதைச் செய்யலாம் என்று சொன்னாலும், "இது எதற்காக? இதில் என்ன ஆபத்து? வேறு வழி இருக்கிறதா? கொஞ்சம் காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். மரியாதையாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு தகவல்தானே?

உதாரணத்துக்கு, "கொடி சுற்றியிருக்கிறது" என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதும் வீடே நடுங்கிவிடும். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று, எண்ணெயில் குழந்தை முகம் பார்க்கச் சொல்லி மாமனைப் படுத்தும் பாடு தனி. உண்மை என்னவென்றால், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சாதாரணமாகவே பிறக்கின்றன. ஸ்கேனில் கொடி தெரிந்தது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. குழந்தையின் இருதயத் துடிப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேளுங்கள்.

"தேதி தாண்டிவிட்டது" என்பதும் இப்படித்தான். கடைசி மாத விலக்கிலிருந்து 280 நாள் எண்ணித் தேதி கொடுக்கிறார்கள். அந்தத் தேதியிலேயே பிறக்கிற சமத்துக் குழந்தைகள் 100-க்கு நாலோ ஐந்தோதான்! 37 வாரம் முடிந்தது முதல் 42 வாரம் வரை கெடு உண்டு. 41 வாரம் பூர்த்தியாகியும் வலி காணாவிட்டால் மருந்து கொடுத்து வலி வரவழைப்பது நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. தேதிக்கு மறுநாளே ஆபரேஷன் என்றால், ஏன் என்று கேட்க இடமுண்டு.

வலி கண்ட பிறகு, "வாய் திறக்கவில்லை" என்பார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வெகு நாளாக வழங்கி வந்தது. 1955-ல் அமெரிக்காவில் பிரைட்மன் என்ற டாக்டர் போட்ட கோட்டுப் படத்திலிருந்து வளர்ந்த கணக்கு அது. எல்லாப் பெண்களும் அந்த வேகத்தில் போவதில்லை. 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை நிதானமாகவே இருக்கலாம். தாயும் சேயும் நலமாக இருக்கும்போது மெதுவாகப் போகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அவசரப்படக் கூடாது என்று 2018-ல் புதிய வழிகாட்டியே வந்துவிட்டது. பிறப்புறுப்பில் எல்லோருக்கும் வழக்கமாகக் கத்திரி வைத்துத் தையல் போடுவதும் வேண்டியதில்லை என்று அதிலேயே இருக்கிறது.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று நம்மவர்கள் தலையெழுத்தாகவே வைத்துக்கொண்டுவிட்டார்கள். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு வெட்டி ஆபரேஷன் நடந்திருந்து, வேறு கோளாறும் இல்லையென்றால், முயன்று பார்க்கும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்குச் சுகப் பிரசவம் ஆகிறது. ஆபத்தே இல்லையா? இருக்கிறது. பழைய தையல் பிரிந்துகொள்ளும் அபாயம் சுமார் 200-ல் ஒருவருக்கு. அப்படி ஆனால் அந்த நிமிஷமே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள இடமாக இருக்க வேண்டும். மறுபடி மறுபடி வயிற்றைத் திறப்பதிலும் தனி அபாயங்கள் உண்டு. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துக் காட்டினால் ஒருத்தி இதைச் சொல்வாள், இன்னொருத்தி அதைச் சொல்வாள். வலியை நினைத்தே பயப்படுகிறவளுக்கு, முதுகில் ஊசி மூலம் வலி மரக்கச் செய்யும் முறை இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா? அந்த ஊசியால்தான் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்பது நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி உறுதியாகிவிட்ட பேச்சு. ஆராய்ச்சிகளில் அப்படித் தெரியவில்லை.

பிரசவ அறையில் கூட ஒரு துணை இருப்பதற்கு எவ்வளவு பலன் என்று நினைக்கிறீர்கள்? 17 தேசங்களில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்து 2017-ல் சொன்னார்கள்: துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் கொடுக்கும் ஒருத்தி. அவ்வளவுதான், மருந்து ஒன்றுமில்லை! தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே பிரசவத் துணைக்கு அனுமதி வந்துவிட்டது. 2016-ல் மத்திய சர்க்காரும், தானே பிரசவித்த அனுபவமுள்ள ஓர் உறவுக்காரப் பெண் கூட இருக்கலாம் என்று எல்லா ராஜ்யங்களுக்கும் சொல்லிற்று. தனியார் ஆஸ்பத்திரியில் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யார் துணை என்பதையும் அவளே சொல்லட்டும். அம்மா அழுதுவிடுவாள், அத்தைதான் தைரியசாலி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமியார் இருக்கிறார். மருமகளுக்கு ஒவ்வொரு தடவை பரிசோதனையின்போதும், எடை என்ன, ரத்த அழுத்தம் என்ன என்று பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார். ஒன்பதாம் மாதம் குழந்தை கால் கீழாக இருப்பது தெரிந்தது. டாக்டர் பிள்ளையைப் பார்த்து, "என்ன சார், ஆபரேஷன் பண்ணிவிடலாமா?" என்றார். "அவனை ஏன் கேட்கிறீர்கள்? வயிறு அவளுடையதல்லவா!" என்றார் இந்த அம்மாள். டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியை மருமகள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெளியிலிருந்து கையால் தள்ளிக் குழந்தையைத் திருப்பிப் பார்க்கலாம், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும் என்று விளக்கினார். பத்து நிமிஷம் பேச்சு. கடைசியில் அந்தப் பெண் ஆபரேஷனையேதான் கேட்டாள். ஆறு மாதமாகிறது, தையல் இழுக்கிறது என்று முனகிக்கொண்டாலும், "நான்தானே சொன்னேன்" என்கிறாள். மாமியார்களைப் பற்றி நம் தொடர்கதைகளில் வருவதெல்லாம் முழு உண்மை அல்ல!

இதற்கெல்லாம் அவகாசம் இல்லாத வேளைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. நஞ்சு கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டு ரத்தம் போகிறது, கொடி முன்னதாக வெளியே நழுவிவிட்டது, குழந்தையின் துடிப்பு விழுந்துகொண்டே போகிறது என்றால் ஒரு நிமிஷம் கூடப் பொன்தான். அப்போது டாக்டர் கையைக் கட்டக் கூடாது. வீட்டில் இருக்கும்போது ரத்தம் கண்டாலும், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், யோசனை அப்புறம். 2018-ல் திருப்பூரில், செல்போன் வீடியோவை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ஓர் இளம் தாய் ரத்தப் போக்கில் இறந்தாள். விவரம் தெரிந்து தீர்மானிப்பது என்பது அதுவல்ல. விவரம் என்று எதையோ கேட்டுக்கொண்டு டாக்டரையே விலக்கிவிட்ட கதை அது.

பிரசவம் முடிந்த கையோடு வருகிற இன்னொரு தீர்மானத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட 'காப்பர்-டி' பொருத்துவது, அல்லது போதுமென்றால் கருத்தடை ஆபரேஷன். இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் தங்களுக்குப் பொருத்தியதே பிறகுதான் தெரிந்தது என்று பெண்கள் சொன்ன புகார்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வலியில் துடிக்கும்போது காதில் போட்டுவைப்பதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? இந்தப் பேச்சும் ஏழாம் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். கருத்தடை ஆபரேஷனுக்கு அவளுடைய சம்மதம் போதும். கணவன் கையெழுத்துக் கட்டாயமில்லை என்பதே சர்க்கார் விதி. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்திலும், 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதத்தைத் தவிர வேறு யாருடையதையும் கேட்கவில்லை.

கணவன்மார் இதைப் படித்தால் (மனைவி கையிலிருந்து பிடுங்கியாவது படிப்பீர்கள் என்று தெரியும்) உங்களுக்கும் வேலை இருக்கிறது. சம்மதப் பத்திரத்தின் நகலை எட்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷில் இருந்தால் தமிழில் கேளுங்கள்; இல்லை என்றால் நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவளுக்குச் சொல்லுங்கள். நர்ஸ் பாரத்தை உங்களிடம் நீட்டினால், வாங்கி அவளிடம் கொடுங்கள்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். சிசேரியன் ஆகியிருந்தால், எந்தக் காரணத்துக்காக, கருப்பையில் எந்தத் திசையில் வெட்டு, ரத்தம் ஏற்றப்பட்டதா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவர் ஒழுங்கு விதிகளிலேயே இருக்கிறது. இரண்டாவது பிரசவத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதை அடுத்த டாக்டர் இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்வார். குழந்தையின் ஜாதகத்தை வைக்கிற அதே பீரோவில், அதே உறையில் இதையும் போட்டு வையுங்கள்.